கப்பலில் ஃபார்மல் நைட்: ஆண்கள் என்ன உடுத்துவது? மலையகத்தவர் கேட்கும் கேள்விகள்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை உல்லாசக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட்டைப் போட்டுவிட்டு, "அப்பா, ரெண்டு ராத்திரிக்கு கோட் சூட் வேணும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அதற்குப் பிறகுதான் கேள்விகள் தொடங்குகின்றன. பதில்கள் கீழே. கப்பலின் உடை விதி ஒன்றும் கடினமானதல்ல. ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நம் ஊர் ஈரமும் வீட்டு அலுமாரியும்தான். அதனால் அந்தப் பகுதிக்குத்தான் இங்கே அதிக இடம்.

ஃபார்மல் நைட் என்பது என்ன? எத்தனை இரவு வரும்?

கப்பலின் பிரதான சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிடும் இரவு. கப்டன் வந்து வரவேற்புச் சொல்வதும், படப்பிடிப்பாளர்கள் படிக்கட்டடியில் திரை கட்டி நிற்பதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு வரும். மூன்று, நான்கு இரவுப் பயணமென்றால் ஒன்று, அல்லது இல்லவே இல்லை.

முதல் இரவில் வைப்பது அரிது. துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்து சேரவே சில வேளை இரவாகிவிடும். கடைசி இரவும் அப்படித்தான், பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கும் நேரம் அது. எனவே கரை தொடாமல் கடலிலேயே ஓடும் முதல் நாளில் ஃபார்மல் நைட் வரும் என்று வைத்துக்கொண்டு தயாராகலாம்.

பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கியூனார்டில் காலா ஈவினிங், கார்னிவலில் குரூஸ் எலிகண்ட், செலிபிரிட்டியில் ஈவினிங் சிக். பெயர் மாறினால் கண்டிப்பும் மாறும், ஆகவே பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டக்சிடோ இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்களா?

விடுவார்கள். டக்சிடோ என்பது பட்டு மடிப்பு வைத்த இரவுக் கோட்டும் போ டையும் சேர்ந்த உடுப்பு. இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானது என்று பெயரெடுத்த கியூனார்டிலேயே டை கட்டிய கடும் நிற சூட் போதும். பிரின்சஸ் கப்பல்களிலும் அதே. கார்னிவலில் நல்ல கால்சட்டையும் முழுக்கை சேர்ட்டும் போட்டால் கோட் இல்லாமலே உட்காரலாம். செலிபிரிட்டியில் கோட் அவரவர் விருப்பம். நார்வீஜியனில் ஃபார்மல் உடை கட்டாயம் என்ற பேச்சே கிடையாது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று நான்கு நாள் பயணங்களிலும், 2023இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு வந்த கோர்டீலியா போன்ற கப்பல்களிலும் சூட் போடாதவர்கள்தான் அதிகம்.

விதிகளை நிறுவனங்கள் அவ்வப்போது தளர்த்துகின்றன. பெட்டி அடுக்கும் வாரத்தில் உங்கள் கப்பலின் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். அரைக் கால்சட்டை, கையில்லாத பெனியன், கிழிசல் வைத்த டெனிம், தொப்பி, பாட்டா செருப்பு ஆகியவற்றோடு அந்த இரவில் பிரதான மண்டபத்துக்குப் போகாதீர்கள். அநேகமாக எந்தக் கப்பலிலும் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அப்பா வாழ்நாளில் கோட் போட்டதில்லை. வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. கியூனார்ட் தன் விதியிலேயே தேசிய உடையை ஏற்றுக்கொள்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர்கள் தங்கள் பாவாடை போன்ற கில்ட்டைக் கட்டிக்கொண்டு வருவது அந்தக் கப்பல்களில் சாதாரணம். மற்ற நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "ஃபார்மல் இரவில் தேசிய உடை அணியலாமா" என்று கேட்டு, வந்த பதிலைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டால் வாசலில் பேச்சுக்கு இடமில்லை. கோட்டுப் பழக்கமில்லாத பெரியவரை இறுக்கிக் கட்டிக் கொண்டுபோய் உட்காரவைப்பதைவிட, நாற்பது வருஷமாகக் கட்டிப் பழகிய வேட்டியில் அவர் நிமிர்ந்து உட்காருவது எவ்வளவோ மேல்.

ஆனால் வேட்டி என்றால் எந்த வேட்டியும் அல்ல. எட்டு முழ இரட்டை வேட்டியாக இருக்கட்டும். நாலு முழம் கப்பலின் வெளிச்சத்தில் கால் தெரியக் காட்டும், மேல்தளக் காற்றில் நிற்காது. பட்டு அல்லது பட்டு கலந்தது, கரை இரண்டு மூன்று அங்குலம். மேலே வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் கொலர் வைத்த முழுக்கைச் சேர்ட், தோளில் மடித்த சால்வை. வேட்டியின் கீழ் ஓரம் கணுக்காலைத் தொட்டு நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் கப்பல் படிக்கட்டில் மிதிபடும், கப்பல் ஆடும்போது ஆளையே விழுத்தும். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஒட்டும் வேட்டி வாங்குங்கள். மண்டபத்துக்குள் மடித்துக் கட்டுவது மட்டும் கூடாது. காலுக்குத் தோல் செருப்புப் போதும், குதிகாலில் வார் உள்ளதாக இருந்தால் நல்லது. வெள்ளைச் சாரமும் நீளக்கை மேற்சட்டையும் கொண்ட சிங்களத் தேசிய உடைக்கும் இதே கணக்கு. வீட்டில் உடுத்தும் கட்டம்போட்ட சாரம் தேசிய உடையில் சேராது.

கல்யாணத்துக்குத் தைத்த கோட் அலுமாரியில் இருக்கிறது. அது போதாதா?

நிறம் கருநீலம், கரும் சாம்பல், கறுப்பு என்றால் போதும். போவதற்கு முன் மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு முன்பே.

முதலாவது பூஞ்சணம். வெயிலில் வைத்து கொலர் மடிப்பின் அடி, கைக்குழி, பொக்கெட் மூடியின் உள்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். வியர்வையும் எண்ணெயும் தங்கும் இடங்கள் என்பதால் சாம்பல் நிறப் பொடி முதலில் அங்கேதான் பிடிக்கும். வீட்டுக்குள் உதறாதீர்கள், பக்கத்து உடுப்புக்கும் பரவும். வெளியே கொடியில் போட்டு மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்து, உள்பக்கம் ஒரு மணி, வெளிப்பக்கம் ஒரு மணி என்று காலை வெயிலில் காயவிட்டு, பிறகு ட்ரை கிளீனுக்குக் கொடுங்கள். அதற்கு முன் அயர்ன் பண்ணினால் சூட்டில் கறை துணியோடு பதிந்துவிடும், பிறகு போகாது. திரும்பி வந்ததும் அவர்கள் போட்டுத் தரும் பொலித்தீன் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியால் மூடித் தொங்கவிடுங்கள். பொலித்தீனுக்குள் ஈரம் அடைபட்டால் இரண்டே கிழமையில் பழைய கதைதான்.

இதற்கு நாளும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் வெயிலை நம்பிக் கோட்டை வெளியே போட முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் நேர்மாறு: ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை ஈரம், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறட்சி.

இரண்டாவது அளவு. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அது தொங்கினால் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள், தோளைத் திருத்தும் செலவில் பாதிக் கோட் தைக்கலாம். வயிறு வேறு விஷயம். பொத்தானைப் போட்டதும் குறுக்கும் மறுக்குமாகச் சுருக்கம் விழுந்தால், உள்ளே விட்டிருக்கும் துணியைப் பொறுத்து டெய்லர் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தளர்த்தித் தருவார். கோட்டின் கை மணிக்கட்டு எலும்பில் முடிந்து, அதன் கீழே சேர்ட் கைப்பட்டி அரை அங்குலம் தெரிய வேண்டும். நம் பக்கத்தில் கோட்டின் கையை நீளமாகத் தைத்து விரல் கணு வரை விடும் பழக்கம் இருக்கிறது. அதைச் சுருக்கினாலே பழைய கோட் புதிது போலாகிவிடும்.

மூன்றாவது, யாரும் பார்க்காதது. கோட்டின் பின்பக்கப் பிளவைக் கடையில் குறுக்குத் தையல் போட்டுத் தைத்திருப்பார்கள். இடது கையின் ஓரத்தில் துணிக் கம்பனியின் பெயர்ப்பட்டி இருக்கும். இரண்டும் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் வெட்டி எடுக்க வேண்டியவை. கல்யாணப் படங்களைப் புரட்டினால் எத்தனை மாப்பிள்ளைமார் அந்தப் பட்டியோடேயே மணவறையில் இருக்கிறார்கள் என்று தெரியும். சிறு கத்தரிக்கோலால் நூலை மட்டும் வெட்டி இழுத்துவிடுங்கள்.

கல்லும் சரிகையும் வைத்த மாப்பிள்ளைக் கோட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். விதி தடுக்காது. ஆனால் அந்த மேசையில் ஒருவர் மட்டும் மணவறையிலிருந்து நேரே எழுந்து வந்தவர் மாதிரி இருப்பார்.

நுவரெலியாக் குளிருக்குப் போடும் கம்பளிக் கோட்டையே கொண்டு போகலாமா?

வேண்டாம். 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இரவுக் குளிருக்கென்று தைத்த தடித்த துணி அது. சிங்கப்பூர்த் துறைமுக வரிசையில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பதே தண்டனை. மண்டபத்தில் ஏசி இருந்தாலும் படியேறி இறங்கி, கூட்டத்தில் நின்று படமெடுக்கும்போது வியர்த்துவிடும். ட்வீட், கோடுரோய் வகைகள் பகல் உடுப்பு என்பதால் இரவுக்குப் பொருந்தவும் செய்யாது. நோர்வே, அலாஸ்கா போகிறவர்கள் அதை மேல்தளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தைப்பதென்றால் டெய்லரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முன் அளவு கொடுங்கள், இடையில் இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். கறுப்பைவிடக் கருநீலம் அல்லது கரும் சாம்பல் எடுப்பது புத்தி. கப்பல் முடிந்த பிறகும் கல்யாணத்துக்கும் கந்தோருக்கும் உதவும்.

150 சென்ரிமீற்றர் அகலத் துணியில் கோட்டுக்கும் கால்சட்டைக்குமாக மூன்று முதல் மூன்றரை மீற்றர் போகும். மெல்லிய கம்பளித் துணி, அந்த அகலத்தில் ஒரு மீற்றர் நீளத்துக்கு 240 முதல் 280 கிராம் எடை. கடையில் எடை எழுதியிருக்காவிட்டால் ஒற்றை மடிப்பை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் வர வேண்டும். பிறகு ஒரு மூலையைக் கைக்குள் பத்து விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். கம்பளி தானாக விரியும், மலிவான பொலியெஸ்டர் கலவை ஒன்றில் கசங்கியே கிடக்கும், இல்லையேல் கசங்காமல் பளபளக்கும். அந்தப் பளபளப்பு படம் எடுக்கும் வெளிச்சத்தில் எண்ணெய் தடவியது போல் விழும்.

உள் லைனிங்கை முதுகில் பாதியளவு மட்டும் வைக்கச் சொல்லுங்கள், காற்று போகும். நெஞ்சுப் பக்கத்துக்குள் வைக்கும் ஒட்டுத்துணி நல்லதாக இருக்கட்டும். மலிவான ஒட்டு ஈரத்திலும் அயர்ன் சூட்டிலும் விட்டுப்போய், நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதற்குப் பிறகு அந்தக் கோட்டுக்கு மருந்தில்லை.

டக்சிடோதான் வேண்டும் என்பவர்களுக்கு?

முழுதாகச் செய்யுங்கள், பாதி டக்சிடோ சூட்டைவிட மோசம். கோட்டின் கழுத்து மடிப்பில் சாட்டின் அல்லது வரிவரியாக நெய்த பட்டு, முன்னே ஒரே பொத்தான். கால்சட்டையின் வெளித்தையல் நெடுக அதே பட்டில் ஒரு பட்டி, கீழே மடிப்பில்லை, பெல்ட் வளையமும் இல்லை. பெல்ட்டுக்குப் பதில் தோள் வார். சேர்ட் வெள்ளை, முன்பக்கம் மடிப்பு வைத்தது, கை இரட்டையாக மடிந்து, கஃப்லிங்க் என்ற தனிப் பொத்தானால் பூட்டுவது. போ டை கறுப்பு. இடுப்பில் கமர்பண்ட் என்ற மடிப்பு வைத்த அகலப் பட்டி கட்டினால் அதன் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும், பலர் தலைகீழாகக் கட்டுகிறார்கள். போ டையின் அகலம் முகத்துக்கு வெளியே நீளக் கூடாது. கட்டத் தெரியாவிட்டால் கட்டியே வருவதை வாங்குங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

வெப்ப நாட்டுக் கடல்களில் தந்த நிற டின்னர் கோட்டைக் கறுப்புக் கால்சட்டையோடு போடும் வழக்கமும் உண்டு. பார்க்க அழகு, பருப்பு சிந்தினால் கதை முடிந்தது.

கண்டியிலோ கொழும்பிலோ வாடகைக்கு எடுக்கலாமே?

கணக்குப் பார்த்துவிட்டு எடுங்கள். வாடகைக் கடைகளின் கணக்குக் கல்யாணத்துக்கானது, இரண்டு மூன்று நாள். விமானம், கப்பல், போக்குவரத்து எல்லாம் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், மேலதிக நாட்களுக்குத் தனிக் கட்டணம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் உங்கள் அளவுக்கே ஒன்று தைத்துவிடலாம். சில கப்பல்கள் வெளி நிறுவனம் மூலம் வாடகைக்கு ஏற்பாடு செய்யும். பல கிழமைக்கு முன் அளவு அனுப்ப வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் கிடைப்பது மிஞ்சிய அளவுதான்.

சப்பாத்து எப்படி?

கறுப்பு, நாடா கட்டுவது, நன்றாகப் பொலிஷ் பண்ணியது. கல்யாணத்துக்கு வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருக்கும் சப்பாத்தை நம்பி மட்டும் போகாதீர்கள். இன்றைய சப்பாத்துகள் பலவற்றின் அடி பொலியூரித்தேன். ஈரக் காற்றில் அது உள்ளுக்குள்ளேயே சிதைகிறது, போடாமல் வைத்தாலும் சிதையும். வெளியே பார்த்தால் புதுசு, பத்து அடி நடந்ததும் அடிப்பாகம் கேக் துண்டாக உதிரும். மலையக ஈரத்தில் மூன்று நாலு வருஷம் பெட்டிக்குள் கிடந்த சோடிக்கு இது நடக்கிற காரியம்.

அதனால் இரண்டு கிழமைக்கு முன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே நடந்து பாருங்கள். பிறகு அடியைப் பெருவிரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ புதிது வாங்குங்கள். பசை போட்டு ஒட்டுவதில் பயனில்லை, விட்டது ஒட்டல்ல, அடியே கரைகிறது. தோல் அடி, கட்டி இறப்பர் அடி வைத்தவற்றுக்கு இந்தப் பயமில்லை.

காலுறை கறுப்பு, பாதி ஆடுதசை வரை உயரம். உட்காரும்போது கால்சட்டைக்கும் காலுறைக்கும் இடையில் தோல் தெரியக் கூடாது.

சேர்ட், டை, பெனியன்?

வெள்ளைப் பருத்திச் சேர்ட், கொலரைப் பூட்டினால் கழுத்துக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். டையின் நுனி பெல்ட் வாரின் நடுவில் நிற்கட்டும். வெள்ளைச் சேர்ட்டுக்குள் வெள்ளைப் பெனியன் போட்டால் அதன் விளிம்பு துல்லியமாகத் தெரியும். இளஞ்சாம்பல் நிறத்தில், கழுத்து இறக்கமானதைப் போடுங்கள். இரண்டு ஃபார்மல் இரவுக்கு ஒரே கோட் போதும், சேர்ட்டும் டையும் மாற்றினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். முன்னே இரண்டு பொத்தான் வைத்த கோட்டில் கீழ்ப் பொத்தானை எப்போதும் திறந்தே விடுங்கள், உட்காரும்போது மேலதையும் கழற்றிவிடுங்கள்.

கசங்காமல் எப்படிக் கொண்டு போவது? அயர்ன் கொண்டு போகலாமா?

அயர்ன், நீராவி அயர்ன் இரண்டையும் பெரும்பாலான கப்பல்கள் அறையில் அனுமதிப்பதில்லை, தீப்பிடிக்கும் பயம். ஏறும்போது ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். கியூனார்ட், பிரின்சஸ், கார்னிவல் கப்பல்கள் பலவற்றில் பயணிகளே அயர்ன் பண்ணிக்கொள்ளும் சலவை அறை உண்டு. ரோயல் கரிபியனில் அது கிடையாது, காசு கொடுத்து அழுத்தக் கொடுக்கலாம்.

கோட்டை மடிக்கும் விதம்: இடது தோளை உட்புறம் வெளியே வரும்படி புரட்டுங்கள். வலது தோளை அதற்குள் செருகுங்கள். லைனிங் வெளியே தெரியும்படி நெடுக்காக ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு மடிப்பு. இப்போது மட்டும் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள்: துணியோடு துணி உரசாமல் வழுக்குவதால் மடிப்புப் பதியாது. அறைக்குப் போனதும் முதல் வேலையாகத் தொங்கவிட வேண்டும். அப்படியும் சுருக்கம் இருந்தால் குளியலறையில் மாட்டி, சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைப் பத்துப் பதினைந்து நிமிஷம் சாத்தி வையுங்கள். பிறகு கையால் நீவி, ஏசிக் காற்றில் அரை மணி காயவிட்டுப் போடுங்கள்.

கோட்டைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பொதியில் வையுங்கள். கைப்பொதிக்குப் பல விமானங்களில் 7 கிலோதான் என்பதால் எடை நெருக்கினால் போட்டுக்கொண்டே விமானம் ஏறலாம். தாமதமான பெட்டி அடுத்த விமானத்தில் வரும், கப்பல் அதற்காகக் காத்திருக்காது.

விபூதி பூசிக்கொண்டு போகலாமா? ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால்?

விபூதி, குங்குமம், கையில் கட்டிய நூல் எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். மாலை போட்டவர்களுக்குச் சிக்கல் வெறுங்கால்தான். சுகாதார விதி என்பதால் பஃபேக்கும் காலணி வேண்டும். விரத காலத்தில் பயணத்தை வைக்காமல் இருப்பது நல்லது, வைத்துவிட்டால் சாப்பாட்டை அறைக்கு வரவழைத்துக்கொள்ளலாம்.

பையன்களுக்கு?

நீளக் கால்சட்டை, கொலர் சேர்ட், விரும்பினால் டை. வளரும் பிள்ளைக்குக் கோட் தைப்பது வீண்.

உடுத்திப் பழகிப் பார்க்க ஊரில் இடம் உண்டா?

உண்டு. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்கும் வழக்கம் துரைமார் காலத்திலிருந்து வருகிறது. கோட் இல்லாமல் வருபவருக்கு இரவலும் கொடுப்பார்கள். அங்கே போகாவிட்டாலும் வீட்டில் ஒரு நாள் முழு உடுப்பையும் போட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். கை எங்கே இறுக்குகிறது, கொலர் எங்கே உரசுகிறது என்பது அப்போது தெரியும், டெய்லரிடம் கொடுக்க நாளும் இருக்கும்.

எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்றால்?

பஃபேயில் சாப்பிடலாம், உணவை அறைக்கு வரவழைக்கலாம். பெரும்பாலான கப்பல்களில் அன்று இரவும் நல்ல கால்சட்டை சேர்ட்டோடு மற்ற இடங்களில் உலாவலாம். கியூனார்டில் மட்டும் மாலை ஆறு மணிக்குப் பிறகு உடை மாற்றாதவர்களுக்கென்று சில இடங்களைத்தான் ஒதுக்கியிருப்பார்கள்.

கப்பலில் வைத்துக் கறை பட்டால், பொத்தான் அறுந்தால்?

ஊசி, கறுப்பு வெள்ளை நூல், கோட்டுக்கும் சேர்ட்டுக்கும் ஒவ்வொரு மேலதிகப் பொத்தான், நாலு ஊக்கு ஆகியவற்றைச் சிறு பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கப்பலிலும் ட்ரை கிளீன் கிடையாது. குழம்பு பட்டால் தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, கறையின் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுங்கள். சுடுதண்ணீரும், கைக்குக் கிடைத்த சவர்க்காரமும் கம்பளித் துணிக்கு ஆகாது. மிச்சத்தை ஊருக்கு வந்து ட்ரை கிளீனில் கொடுக்கும்போது எது, என்றைக்குப் பட்டது என்று சொல்லிக் கொடுங்கள்.